காவலன் ஒரு படி மேலே

ஏழாம் பக்கம், மூன்றாம் வரியின் முடிவில்
காவலன் பொய் சொல்கிறான்
என்று எழுதியிருந்தார் சகோதரி ஒடில்.
மடத்தில் அவர்களுக்கு இணையம்
மதிய உணவுக்கும் மாலைச் செபத்துக்கும் நடுவே
நாற்பது நிமிடம்.
அதில் கால் மணியை எனக்குச் செலவழித்திருக்கிறார்.

காவலன் கையில் வேல் கிடையாது.
நான்கு கோடுகளின் விளிம்பில்
தலை சிறுத்து வால் நீண்ட ஒரு குறி.
அடுத்த வரியின் முதல் சுரம் எதுவென்று
கண் தாவுவதற்கு முன்பே
தொண்டைக்குத் தகவல் சொல்பவன்.
இலத்தீனிலும் அவனுக்கு அதே பெயர்தான்.

"சனிக்கிழமை பதினொரு பேர் காவலனை நம்பினோம்.
இரண்டு பேர் மனப்பாடத்தை நம்பினார்கள்.
தலைவி இருமினார்."

எனக்கு கெண்ட் நகர டிராம் பணிமனையில் இரவுப் பணி.
கடைசி வண்டி ஒன்றரைக்கு அடையும்
முதல் வண்டி நாலே முக்காலுக்குக் கிளம்பும்
இடையில் மடிக்கணினி, ஆறிய காப்பி,
விசைப்பலகையில் எண்ணெய்க் கறை.
கோயிலுக்குப் போய் இருபது வருடம் இருக்கும்.
சதுரத் தலைச் சுரங்கள்மேல் எனக்கிருப்பதை
பக்தி என்று சொல்ல முடியாது.
தாளத்துக்கு அடங்காத ஒரு பாட்டைத்
தாளில் எப்படி நிற்க வைப்பது
என்கிற அரிப்பு.

நிரலைத் திறந்தேன். பதினேழு பேரின் கை.
யாரோ ஒருவர் சுரத்தின் தலைக்குமேல்
ஒரு படுக்கைக் கோடு போட்டு
அளபெடைக்கு இடம் செய்திருக்கிறார்.
இன்னும் இருவர் அசைக்கும் அசைக்கும் நடுவே
மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றுக்காக
மூன்று மாதம் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.
எவருக்கும் சம்பளம் இல்லை.
இருந்திருந்தால்
இவ்வளவு சண்டை வந்திருக்காது.

விடியும் நேரத்தில் அகப்பட்டது:
ஒரு கழித்தல் ஒன்று.
பக்கத்திலேயே குறிப்பு:
"தொடாதீர்கள். காரணம் இருக்கிறது. போகுமிவ்."
ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.
காரணத்தை மட்டும் எழுதவில்லை.

தொட்டேன்.
நாற்பத்திரண்டு சோதனைகள் சிவந்தன.

போகுமிவுக்கு எழுதிய கடிதம்
முகவரி இல்லையென்று திரும்பி வந்தது.
அலுத்துப்போனாரோ, பிள்ளை பிறந்ததோ,
இறந்தே போனாரோ.

பெலேமில் பல் மருத்துவர் எவாந்த்ரோ
ஒரு கடைவாய்ப் பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையில்
கண்டுபிடித்தார்.
சிலேசியாவில் ஒரு பழைய சுவடி.
வரி நடுவே திறவுகோல் மாறினால்
அதை எழுதிய கை
காவலனை ஒரு படி மேலேதான் உட்கார வைக்கும்.
அந்தக் கைக்கு அதுவே வழக்கம்.
அந்த ஒரே சுவடிக்கு விசுவாசமாக
போகுமிவ்
எல்லா ஊர்க் காவலர்களையும் ஏற்றிவிட்டிருக்கிறார்.
ஒன்பது வருடம்
அந்த வழியாக யாரும் பாடிக்கொண்டு வரவில்லை.

அழிக்க மனமில்லை.
வேண்டுபவர் போட்டுக்கொள்ள ஒரு விசை வைத்தோம்.
அதற்கு போகுமிவ் என்று பெயரிடலாம் என்றார் எவாந்த்ரோ.
சகோதரி ஒப்பவில்லை:
"எங்கள் பிரதிகாரர்கள் பெயர் எழுதுவதில்லை.
ஓரத்தில், குளிருகிறது என்று வேண்டுமானால் எழுதுவார்கள்."

எனவே விசையின் பெயர் வெறும் மேல்படி.
அதன் கீழே நான் சேர்த்த குறிப்பு:
காரணம், சிலேசியச் சுவடி, எண்பத்தெட்டாம் ஏடு.
இதை எழுதும்போது
பணிமனையில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை.

பதினொரு நாள் கழித்து மடத்திலிருந்து:
"ஏழாம் பக்கம் சரி.
பதின்மூன்று பேரும் ஒரே சுரத்தில் இறங்கினோம்.
தலைவி இருமினார், அது ஜலதோஷம்.
முப்பத்தொன்றாம் பக்கத்தில்
ஓர் இணைப்புக்கோடு
எந்தச் சொல்லோடும் ஒட்டாமல் தொங்குகிறது."

நாலே முக்கால் வண்டிக்குக் கதவைத் தூக்கிவிட்டேன்.
ஓட்டுநர் கையசைத்தார்.
திரும்பி வந்து
முப்பத்தொன்றைத் திறந்தேன்.